தலைப்பாகையின் மரியாதை

அய்யா துணை.

அன்புக்கொடி மக்களே! பதியிலும் நிழல்தாங்கலிலும் ஆண்மக்கள் தலைப்பாகை கட்டி, திருநாமம் இட்டு, அய்யாவின் முன் நிற்கிறார்கள். அந்தத் தலைப்பாகை எளிதில் கிடைத்ததல்ல. அன்றைய திருவிதாங்கூர் சீமையில் தாழ்த்தப்பட்ட சாதி ஆண்கள் பாகை கட்டக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் தோள்சீலை அணியக் கூடாது. சுமை சுமந்தே தாழ்ந்துபோன அந்தத் தலைகளில் அய்யா வைகுண்டர் பாகையைக் கிரீடமாக ஏற்றினார்.

ஒருவருக்கு மட்டுமா ஏற்றினார்? எல்லோருக்கும் ஏற்றினார். ஆகவே பாகை கட்டுகிற ஒவ்வொருவரும், எதிரே நிற்பவரும் தம்மைப் போல் ஓர் அரசரே என்று ஒப்புக்கொள்கிறார்.

தாங்கலை விட்டு வெளியே வந்து பாகையை அவிழ்த்ததும் அந்த மரியாதையும் அவிழ்ந்துவிடலாமா?

கல்யாணப் பந்தியைப் பாருங்கள். காலை உகப்படிப்பில் பணிவோடு நின்றவர், மதியம் இலை முன் உட்கார்ந்ததும், சாம்பார் வாளி சுமந்து வருகிற தன் தகப்பன் வயதுக்காரரை, "ஏலே, இங்க கொண்டா" என்கிறார். அவரும் ஒன்றும் பேசாமல் குனிந்து ஊற்றிவிட்டுப் போகிறார். அன்று பாட்டன் கேட்டு மனம் நொந்த அதே சொல், இன்று பேரன் வாயில் வருகிறது. குனிந்த தலையை நிமிர்த்த அல்லவா அய்யா வந்தார்?

வந்தவர் முன்னால் மனைவியை அதட்டுவது, பேருந்தில் பெண்கள்மேல் இடித்துக்கொண்டு நிற்பது, படிப்பு நடக்கும்போது கைபேசியில் பேசுவது, முதியவர் நிற்கத் தான் நாற்காலியில் சாய்ந்திருப்பது எல்லாம் கலியின் குணங்களே. குடித்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போவதைச் சொல்லவே வேண்டாம். கூலிக்கு வந்தவரையும் "வாங்க, இருங்க" என்று சொல்லக் காசு செலவில்லை. வாய் தவறிவிட்டால், "பொறுத்துக்கிடுங்க" என்று கேட்பதால் எந்த ஆண்மகனும் குறைந்துபோவதில்லை.

சுவாமிதோப்பில் சாதி பாராமல் எல்லோரும் முத்திரிக்கிணற்றின் ஒரே நீரை எடுத்தார்கள். ஒன்றாக அமர்ந்து உண்டார்கள். மெலிந்தவரைக் கைதூக்கிவிடுவதே தர்மம் என்று அய்யா போதித்தார். தர்மம் செய்யப் பணம் இல்லாதவரிடமும் நல்ல சொல் உண்டு.

அடுத்த பந்தியில் வாளியோடு வருகிறவரை, "அண்ணாச்சி, இங்க கொஞ்சம் ஊத்துங்க" என்று அழைத்துப் பாருங்கள். அவர் தலை நிமிர்ந்து பார்ப்பார். அய்யா கட்டிய பாகை அப்போது இருவர் தலையிலும் இருக்கும்.

அய்யா உண்டு.