காசு யார் கொடுப்பது?

நியூயார்க்கில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷினைப் பொருத்திக்கொண்டிருந்தார் இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ். வீட்டுக்காரர் ‘டைம்’ பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் அவர் பதறிவிட்டார். கிளாஸ் அசரவில்லை. சில சமயம் நான் பிளம்பரும்தான், வேலையை முடிக்க விடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

1976 நவம்பரில் அவருடைய ‘ஐன்ஸ்டீன் ஆன் தி பீச்’ ஓபரா, மெட்ரோபாலிட்டன் ஓபராவில் இரண்டு இரவும் அரங்கு நிறைந்து நடந்தது. மிஞ்சியது கடன். திரும்பவும் டாக்ஸி ஓட்டப் போனார். 41 வயதுவரை ஓட்டினார்.

‘கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்’ என்று இதைச் சுருக்கிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. ஜூலியார்டில் படித்து, பாரிஸில் நாதியா பூலான்ஜேயிடம் பாடம் கேட்டவர். வாத்தியார் வேலை தேடிப் போயிருக்கலாம், போகவில்லை.

காரணம் அவர் எழுதிய இசையிலேயே இருக்கிறது. அறுபதுகளின் நடுவில், பாரிஸில் ஒரு படத்துக்கு சிதார் மேதை ரவிசங்கர் அமைத்த இசையை மேற்கத்திய முறையில் எழுதித் தரும் வேலை கிடைத்தது. கோடு போட்டு அளவு பிரித்த இடத்திலெல்லாம் அழுத்தம் தப்பி விழுந்தது. தபலா மேதை அல்லா ரக்கா விடாமல் மறுத்தார். கடைசியில் கோடுகளையெல்லாம் அழித்தார் கிளாஸ். இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து ஓடும் தாளம் அப்போதுதான் கண்ணில் பட்டது. (கச்சேரியில் தொடை தட்டும் எந்த மாமாவுக்கும் தெரிந்த சங்கதி!) அதை வைத்து, சின்னச் சொற்கட்டு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு ஸ்வரமாக வளரும் இசையை எழுதினார். இசைக்கல்லூரிகளில் பலர் அதை இசையாகவே மதிக்கவில்லை.

எழுதுகிறவன் சாப்பிட யாராவது காசு கொடுத்தாக வேண்டும். கொடுப்பவருக்கென்று ஒரு ரசனை உண்டு. நாளடைவில் அது எழுதும் கையைப் பிடித்துக்கொள்ளும். டாக்ஸியில் ஏறியவருக்கோ போகிற இடம் வந்தால் போதும். ராத்திரி அந்த டிரைவர் என்ன எழுதுகிறார் என்று அவர் கேட்கப்போவதில்லை.

வியாபாரமும் கிளாஸுக்குத் தெரியும். அப்பா பால்டிமோரில் ரெக்கார்டு கடை வைத்திருந்தவர். பல ஆண்டுகள் தன் இசைக்குறிப்புகளை இவர் வெளியே விடவில்லை. அந்த இசை வேண்டுமென்றால் இவருடைய குழுவைத்தான் அழைக்க வேண்டியிருந்தது.

டாக்ஸியை விட வைத்தது நெதர்லாந்திலிருந்து வந்த ஓபரா அழைப்பு. 1980-ல் ராட்டர்டாமில் ‘சத்யாகிரகா’ அரங்கேறியது. காந்தியின் தென்னாப்பிரிக்க வருஷங்கள். பாடியது முழுக்க பகவத்கீதை, அதுவும் சமஸ்கிருதத்திலேயே.