இருவினையொப்பும் எடைக்கணக்கும்

மலேசியாவின் ஈப்போவிலுள்ள குனோங் ராபாட்டுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. தைப்பூசத்தன்று ஊர்க்காரர்கள் பலர் குனோங் சீரோ கல்லுமலை முருகனுக்குக் காவடி எடுக்கிறார்கள். சிவகிரி, சக்திகிரி என்ற இரு மலைகளை ஒரே தண்டில் கட்டித் தூக்கிய இடும்பனின் கதைதான் காவடிக்கு மூலம்.

தண்டின் இருபுறமும் எடையைச் சமன் செய்யும் இந்தச் சிக்கல் சைவ சித்தாந்தத்திலும் உண்டு. நல்வினையும் தீவினையும் ஒத்தால்தான் ஆன்மாவில் திருவருள் பதியும்; இதுவே இருவினையொப்பு. எது ஒக்க வேண்டும்? புண்ணியமும் பாவமும் அளவில் சமமாகிக் கழிவதா? அப்படியானால் ஒரு பாவத்துக்கு ஓர் அன்னதானம் என்று கணக்கை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள்.

கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுபவர்களிடம் இந்தக் கணக்கு எடுபடாது. ஒரே வரைபடத்தில் கட்டினாலும் பசையும் சாயமும் ஆளுக்கு ஆள் கூடும், குறையும். எனவே ஒவ்வொன்றையும் நிறுத்தே ஆகவேண்டும். காற்று இறக்கையைத் தூக்கினால் எடை பொய்க்குமென்று கதவைச் சாத்துகிறார்கள். விமானத்தை மட்டமாக நிறுத்தி, மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் தராசு வைக்கிறார்கள். ஒவ்வொரு எடையையும் ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து அதற்குள்ள தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். மையத்துக்கு அரை மீட்டர் முன்னால் உட்காரும் 80 கிலோ விமானிக்கு, 2 மீட்டர் பின்னால் வைத்த 20 கிலோ மூட்டை ஈடு. அதை இன்னும் பின்னே தள்ளினால் வால் கனத்து, மூக்கு ஏறி, விமானம் சுழன்று விழலாம். எரிபொருள் தீரத் தீர மையமும் நகரும்.

சித்தாந்தத்தின் விடையும் அளவில் இல்லை. இன்பத்தில் விருப்பும் துன்பத்தில் வெறுப்புமாகச் சாயாத அறிவே ஒப்பு. பிராரத்தத்தை, அதாவது இப்பிறவியில் பலன் தர வந்த வினையை, நுகர்ந்துதான் தீர்க்க வேண்டும். இங்கே உவமை முறிகிறது: மூட்டையை நகர்த்தலாம், ஊழை நகர்த்த முடியாது.

அதற்காக, எல்லாம் ஒன்றுதான் என்ற அலட்சியத்தை ஒப்பு என்று நினைப்பதும் தப்பு. அலட்சியத்தின் விலை விமானத்தில் தெரியும்: 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் விமானம் விழுந்து 21 பேர் இறந்தார்கள். வால் பக்கக் கட்டுப்பாட்டுக் கம்பியைத் தவறாகப் பொருத்தியது ஒரு காரணம். பயணிகளை நிறுக்காமல் சராசரி எடை போட்டதால் வால் கனத்தது இன்னொன்று.

தைப்பூசத்துக்கு முன் சமய வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள், இருவினையொப்பை விளக்கக் கரும்பலகையில் கூட்டல் கழித்தல் போடுவதை விட்டுவிட்டால் நல்லது.