மிச்சம் பிடிப்பது யார் வயிற்றில்?



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு வாலிப சகோதரன் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "பாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டு அடுப்படிச் சுவத்துல ஒரு காகிதம் ஒட்டியிருக்கே, திங்கள் இது, செவ்வாய் அதுன்னு ஏழு நாளைக்கும் சாப்பாடு எழுதி! நாளைய தினத்தைப் பத்திக் கவலைப்படாதேன்னு பிரசங்கம் பண்றீங்க. அப்போ இது அவிசுவாசம் இல்லையா?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். ஒரு காலத்தில் நானே அதைக் கேட்டிருப்பேன், இன்னும் காரமாகவே கேட்டிருப்பேன். அன்றைக்கு அவரிடம் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் காகிதம் சுவரில் ஏறின கதையைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. வெட்கமான கதை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

2011-ஆம் வருஷம். பகலில் மில்லில் ஃபிட்டர் வேலை, சாயங்காலம் ஊழியம். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து வந்த வேகம் இன்னும் தணியாத காலம். யார் வந்தாலும், "இருங்க பிரதர், சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்பேன். வீட்டில் என்ன இருக்கிறது, எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எப்படியோ இலை நிறைந்துவிடும். "கர்த்தர் பாத்துக்குறார்" என்று சபையில் சாட்சியும் சொல்லியிருக்கிறேன். சாரிபாத் விதவையின் மாவுப்பானையைத்தான் அப்போது அடிக்கடி பிரசங்கம் பண்ணுவேன்.

ஒரு நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து அடுப்படிக்குப் போனேன். என் துணைவியார் இருட்டிலே சுவரோரமாக உட்கார்ந்து, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மடியில் இரண்டாவது பிள்ளை, பால் குடிக்கிற பிள்ளை. "சாப்பிடலையா?" என்றேன். "நாலு பேரு வந்தாங்கல்லங்க, சோறு சரியாப் போச்சு" என்றார்கள். கோபமே இல்லை, அதுதான் என்னைக் குத்தினது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் தலைசுற்றலென்று சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, "ரத்தம் எட்டுதான் இருக்கு, இந்த அம்மாவுக்கு வீட்டுல சாப்பாடு யார் போடுறா?" என்று அங்கிருந்த நர்ஸ் அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள்.

அன்பானவர்களே, நான் விசுவாசத்தினால் நடத்தினேன் என்று சாட்சி சொன்ன விருந்தை அவர்கள் தங்கள் ரத்தத்தினால் நடத்தியிருக்கிறார்கள். எண்ணெய்க் கலசம் குறையாமல் இருந்ததன் இரகசியம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கினது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. காரணங்கள் பல உண்டு. ஆனாலும் கடைசியாகச் சாப்பிடுகிறவள் மிச்சத்தைத்தான் சாப்பிடுகிறாள், மிச்சம் இல்லாத அன்றைக்குச் சாப்பிடுவதில்லை. இதற்கு நம் ஊரில் சிக்கனம் என்று பேர். "எங்க வீட்டுக்காரி ரொம்பச் சிக்கனம்" என்று மெச்சிக்கொள்கிறோம் அல்லவா? எதில் சிக்கனம் என்று ஒரு நாள் பானையைத் திறந்து பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் மன்னாவின் அதிகாரத்தை (யாத்திராகமம் 16) வேறே கண்ணோடு வாசித்தேன். நாளைக்கென்று எடுத்துவைத்தது புழுத்து நாறினது என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. நம் ஜனங்களுக்கும் அதுதான் ஞாபகம் இருக்கும். ஆனால் அதே அதிகாரத்தில் தலைக்கு ஒரு ஓமர் என்று, கூடாரத்தில் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்துத்தான் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. அளந்து பார்த்தபோது அதிகம் சேர்த்தவனுக்கு மீதி இல்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. வானத்திலிருந்து இலவசமாய் இறங்கின அப்பத்துக்கே தலை எண்ணிக்கை இருந்ததென்றால், ரேஷன் அரிசிக்கு இருந்தால் என்ன பாவம்? ஆறாம் நாளில் இரண்டு மடங்கு எடுத்து வைக்கச் சொன்னாரே, அது காலைவரை இருந்தும் புழுக்கவில்லை. அதே மன்னாதான், அதே பாத்திரம்தான். ஆகையால் எடுத்துவைத்ததே குற்றம் என்று சொல்ல முடியாது.

கவலை வேறு, கணக்கு வேறு. கவலைப்படுகிறவன் ராத்திரி முழுக்க விழித்திருந்தும் காலையில் அவன் வீட்டு அரிசி ஒரு மணிகூடக் கூடுவதில்லை. கணக்குப் பார்க்கிறவன் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத் தூங்கப் போகிறான். என் அனுபவத்தில், கணக்குப் பாராத மாதங்களில்தான் இருபதாம் தேதிக்குமேல் கவலை அதிகமாயிருந்தது.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை குடும்ப ஜெபம் முடிந்ததும் அந்தப் பத்து நிமிஷம். முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம், அதற்குப் பிறகே என்ன வாங்குவது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கிலோ துவரம்பருப்பை மாதம் முழுக்கப் பரப்பவேண்டுமானால் தினம் சாம்பார் வைக்க முடியாது. ஆகவே ஒரு நாள் கொள்ளு ரசமும் தேங்காய்த் துவையலும், ஒரு நாள் தட்டைப்பயறுக் குழம்பு, ஒரு நாள் கீரை கடைசல். ரேஷன் புழுங்கலரிசி நான்கு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு ஆட்டினால் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் புளித்த மாவில் ஊத்தப்பம். பீர்க்கங்காய் வாங்கினால் தோலைச் சீவித் துவையல், வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கிப் பொரியல். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்கவேண்டி வந்ததே, அந்த மாதம் எங்கள் வீட்டில் தக்காளியே வாங்கவில்லை. புளி இருந்தது, குழம்பும் இருந்தது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய் வருகிற எங்கள் பக்கத்தில் தோட்டம் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நர்சரியில் தொட்டியும் மண்ணும் உரமும் காசு கொடுத்து வாங்கித் தக்காளி வளர்த்தால், அந்தத் தக்காளி கடைத் தக்காளியைவிட விலை அதிகம். முதல் வருஷம் நானே அப்படி ஏமாந்தேன். பெயின்ட் வாளியில் அடியில் நாலு துளை போட்டு, கொல்லை மண்ணும் மக்கின சாணமும் நிரப்பித் தண்டுக்கீரை தூவினால் 25, 30 நாளில் பிடுங்கலாம். கடையில் வாங்கின பொன்னாங்கண்ணியில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும், புதினாவும் அப்படித்தான். அரிசி கழுவின தண்ணீர் செடிக்கு, காய்த்தோல் மண்ணுக்கு. முருங்கைக்குக் கொல்லையில் ஒரு கொம்பு நட்டால் போதும். அந்த நர்ஸ் அக்கா மாத்திரையோடு முருங்கைக்கீரையும் சாப்பிடச் சொல்லி, கூட எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சாப்பிட்டவுடனே டீ குடிக்காதீங்க, சத்து உடம்பில் ஒட்டாது என்றார்கள். இன்றும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பின் டீ கிடையாது.

(ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கேட்டதும் கீரைக்கொல்லைக்காகத்தான் என்பதை மறக்கவேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் வரப்பில் ஒரு முழம் தள்ளிப் பாத்தி போடுகிற சகோதரர்கள் அதை ஒருமுறை வாசிக்கலாம்.)

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். லூக்கா 12-ல் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்தவனும் திட்டம் போட்டவன்தான். அவன் திட்டத்துக்கும் எங்கள் சுவரில் இருக்கிற காகிதத்துக்கும் என்ன வித்தியாசம்? பணத்தின் அளவா? அப்படிச் சொன்னால் ஏழை எவனும் கஞ்சனாக முடியாது என்றாகிவிடும். ஆனால் நூறு ரூபாய்க்குள் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். ஊசிப்போன குழம்பைக் கீழே ஊற்ற மனதில்லாமல் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் டாக்டருக்கு முந்நூறு கொடுக்கிறவர்கள். வேலைக்கு வருகிற அம்மாவுக்கு மட்டும் பழைய குழம்பை ஊற்றிக் கொடுக்கிறவர்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான்: அந்த மனுஷன் பேசின வார்த்தைகளில் "என்" என்பதைத் தவிர வேறே ஆள் இல்லை. அவன் தலை எண்ணவே இல்லை.

ஆகவே எங்கள் காகிதத்தில் இரண்டு காரியங்களை என் துணைவியார் எழுதவைத்தார்கள். ஒன்று, புதனுக்கும் ஞாயிற்றுக்கும் எதிரே "கூட 2" என்று இருக்கும். வருகிறவர்களுக்கான பங்கு அது. யாரும் வராவிட்டால் தெருக்கோடியில் தனியாயிருக்கிற பாட்டி வீட்டுக்குப் போகும். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே என்று லேவியராகமத்தில் சொன்னது அறுவடைக்கு முன்னாலேயே விட்டுவைக்கிற பங்கு அல்லவா? மிஞ்சினால் பார்க்கலாம் என்பதல்லவே. மிசோராமில் சபைப் பெண்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் முதலில் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்துவைக்கிறார்களாம். நம் சபைகளிலும் பிடி அரிசி இருந்தது. பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

இரண்டாவது காரியம் எழுத்தில் இல்லை. குழம்பு இறக்கினதும் முதல் தட்டு அவர்களுக்கு. நான்தான் போட்டு வைக்கவேண்டும், விருந்தாளி திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் சரி. ஆரம்பத்தில், "நல்லாவா இருக்கு, ஜனங்க என்ன நினைப்பாங்க" என்று கூச்சப்பட்டார்கள். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஒரு மூத்த ஊழியக்காரர் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போனபோது, "தம்பி, எங்க வீட்டுல அம்மா சாப்பிட்டாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேக்கணும்" என்றார்.

என்னிடம் கேள்வி கேட்ட வாலிப சகோதரனுக்கு வருகிற தை மாதம் கலியாணம். அவருக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரு நோட்டும் பென்சிலும் பரிசாக எடுத்து வைத்திருக்கிறேன். அவரை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அந்த நோட்டை மனைவி கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடாதேயும், கூட உட்காரும்.

கொல்லையில் அவரை இந்த வருஷம் நன்றாய்க் காய்த்திருக்கிறது. விதை வேண்டுகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் துணைவியாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காகிதத்தில் மடித்து ஆளுக்குப் பத்து விதை வைத்திருக்கிறார்கள்.