உயர்ந்த இருக்கை, பணிந்த உள்ளம்

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசுப் பாறையின் முன் நிற்போர் பெரும்பாலும் யானைகளைக் கண்டு வியந்து திரும்பிவிடுகின்றனர். அவற்றின் அருகே முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையை நின்று பார்ப்போர் சிலரே. அதனைச் சுற்றி எலிகள் அச்சமின்றி இருக்கின்றன. அப்பூனையின் உள்ளத்தை அவை எங்ஙனம் அறியும்?

இக்கடற்கரையில் வாழும் மீனவர் ஒருவர் வழக்கின் பொருட்டுச் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கோ, அதற்கும் மேலே சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ செல்ல நேரலாம். கறுப்பு அங்கியும் உயர்ந்த மேடையுமே அவர் கண்ணில் படுகின்றன. உள்ளே இருக்கும் உள்ளத்தை அவரும் அறியார். அவ்வாறாயின், நீதிபதியின் மாண்பு எதில் அடங்கியுள்ளது?

1951-இல் திருவரங்கத்தில் பிறந்த கே. சந்துரு அவர்களின் வாழ்வு இவ்வினாவை நம்முன் வைக்கிறது. 1993-இல் காவல்துறையின் பிடியில் மாண்ட ஓர் ஏழைத் தொழிலாளியின் மனைவிக்காக வாதாடிய வழக்கறிஞர் அவர். அவ்வழக்கைத் தழுவியே 2021-இல் ‘ஜெய் பீம்’ திரைப்படம் வெளிவந்தது. 2006 முதல் 2013 வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, தம்மை ‘மை லார்ட்’ என அழைக்க வேண்டா என்றார்; வண்டியின் சிவப்பு விளக்கையும் ஆயுதக் காவலரையும் தவிர்த்தார். ஓய்வு பெற்ற நாளில் பிரிவுபசார விழாவை மறுத்து, அரசு வண்டியை ஒப்படைத்துவிட்டு, புறநகர் மின்தொடர் வண்டியில் வீடு திரும்பினார்.

நீதிபதிக்குச் செய்யும் சிறப்பு சட்டத்துக்குச் செய்யும் மரியாதையன்றோ எனச் சிலர் கேட்பர். அக்கேள்வியிலும் பொருளுண்டு. அன்றியும், எளிமையும் ஒரு வேடமாகலாம். மாமல்லபுரத்துப் பூனை அணிந்திருப்பது ஆடம்பரமன்று, தவக்கோலமே! ஆகவே, எளிமையைக் கொண்டு மட்டும் ஒருவரை அளந்துவிட இயலாது. அவர் முன் நின்ற எளியோர் பெற்றது என்ன என்பதே உரைகல்.

ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளில் 96,000 வழக்குகளை அவர் முடித்துவைத்தார் என்பர். விரைவு மட்டுமே நீதியாகிவிடாது என்பது உண்மையே. ஆனால், வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழந்து வந்து நிற்பவருக்குத் தாமதமும் ஒரு தண்டனையே. 2008-இல் மதுரை மாவட்டத்தில், தந்தைக்குப்பின் கோயிலில் பூசை செய்யும் உரிமை கேட்டு ஒரு பெண் வந்தார். பெண் என்பதற்காக அவ்வுரிமையை மறுத்தலாகாது எனச் சந்துரு தீர்ப்பளித்தார். வழிவழி வந்த வழக்கத்தைக் காட்டிலும், எதிரே நின்ற மனிதரை அவர் பெரிதாகக் கண்டார். நாம் பணிவு என்று கொள்வது இதனையே.

நீதி இருக்கை நீதிபதிகளுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளுக்குமுன் பெற்றோரும், மாணவருக்குமுன் ஆசிரியரும், மனுவோடு வருபவருக்குமுன் அலுவலரும் நாள்தோறும் அதில் அமர்கின்றனர். நம் சொல்லுக்காக வாயிலில் காத்து நிற்பவர் யார்? அவரை எத்தனை நாள் நிற்க வைத்தோம்? இன்றிரவு உறங்குமுன் இதனை எண்ணிப் பார்ப்போம்.