மிகுபொருள் விரும்பாமையும் ஒரு பழைய காரும்



இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் யாவை என வினவினால் நம் இல்லச் சிறுவரும் ஒப்பிப்பர்: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, மிகுபொருள் விரும்பாமை. இவற்றுள் முதல் நான்கையும் மீறுவோரை ஊர் பழிக்கும். ஐந்தாவதை மீறுவோரையோ ஊர் பாராட்டும். ஒரு வீட்டில் இரண்டாவது கார் வந்து நின்றால் உற்றார் வந்து வாழ்த்துகின்றனரே அன்றி, இது எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. ஆதலின் இவ்விரதத்திற்கு நாமே நமக்குக் காவலாய் நிற்க வேண்டியுள்ளது.

சமந்தபத்திர ஆசாரியர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்து என்கிறார். அளவின்றிச் சேர்த்தல், பிறர் செல்வம் கண்டு வியந்து ஏங்குதல், பேராசை, அளவுக்கு மேல் சுமையேற்றுதல் என்பன நான்கு. இவற்றுக்கு முன்னே முதலாவதாக அவர் வைத்தது 'அதிவாகனம்' என்பதாகும். ஆசை மிகுதியால் எருது முதலியவற்றை அவற்றின் ஆற்றலுக்கு மேல் ஓட்டுதல் எனச் சிலர் பொருள் உரைப்பர். தேவைக்கு மேல் ஊர்திகளை வைத்திருத்தல் எனப் பிறர் உரைப்பர். எப்பொருள் கொண்டாலும், மாட்டு வண்டிக் காலத்திலேயே ஊர்தியாசை முதற் குற்றமாக எண்ணப்பட்டது நம் சிந்தைக்குரியது.

இதனை எண்ணும்போது, நம் சமயம் சாராத தொலை நாட்டவர் ஒருவர் என் நினைவுக்கு வருகிறார். தென் அமெரிக்காவில் உருகுவே என்னும் சிறு நாட்டில் 2010 மார்ச் முதல் 2015 மார்ச் வரை குடியரசுத் தலைவராய் இருந்த ஹோசே முஹிக்கா என்பவரே அவர். இளமையில் ஆயுதம் ஏந்திய இயக்கத்தில் சேர்ந்து, பல்லாண்டுகள் சிறையிருந்தவர். கொல்லாமையை உயிராகப் போற்றும் நாம் அப்பகுதியை ஏற்கமாட்டோம். எனினும் எவரிடத்தும் ஒரு நற்குணம் காணப்படின் அதனைக் கற்றல் நம் கடமை.

அவருடைய கார் 1987 ஆம் ஆண்டின் வோக்ஸ்வாகன் பீட்டில், வெளிர்நீல நிறத்தது. எளியோரும் வாங்கத்தக்கதாக ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட இவ்வகைக் கார், 2003 இல் உற்பத்தி நிற்கும் வரை 2 கோடியே 10 இலட்சத்திற்கும் மேல் செய்யப்பட்டது. வண்டின் முதுகு போன்ற கூரையும், பின்புறம் அமைந்து காற்றாலேயே குளிரும் எஞ்சினும் கொண்டது. ஆடம்பரம் எதுவும் இல்லை. 2010 இல் முஹிக்கா அளித்த சொத்துக் கணக்கில் இந்தக் கார் ஒன்றே இருந்தது. அதன் மதிப்பு ஏறத்தாழ 1,800 டாலர். நிலமும் மனையும் அவர் துணைவியார் பெயரில் இருந்தன. அரசு மாளிகையில் குடியேறாமல், தலைநகர்ப் புறத்தே மலர் பயிரிட்ட அச்சிறு பண்ணையிலேயே அவர் வாழ்ந்தார். சம்பளத்தில் பெரும் பகுதியை அறத்திற்கு ஈந்தார்.

2014 இல் அரபு நாட்டுச் செல்வர் ஒருவர் அக்காருக்கு 10 இலட்சம் டாலர் தர முன்வந்ததாகச் செய்தி பரவியது. அத்தொகை வருமாயின் ஏழையர்க்கு வீடு கட்டும் திட்டத்திற்குக் கொடுப்பதாக முஹிக்கா கூறினார். பின்னர், அது நண்பர் பலர் பொருள் சேர்த்து வாங்கித் தந்த கார், விற்றால் அவர்கள் மனம் புண்படும் என்று சொல்லி, விற்காதிருந்தார். 2025 மே 13 அன்று, 89 ஆம் வயதில் மறைந்தார்.

இங்கே ஒரு வினா எழும். பழைய காரை விடாது வைத்திருத்தல் பற்றின்மை ஆகுமா? அதுவும் ஒரு பற்றுத்தானே?

நல்ல வினா. பரிக்கிரகம் என்பது பொருளன்று, பொருள்மேல் கொள்ளும் மயக்கமே என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. இதனைப் பலருக்கு விளக்கிய நானே இதில் தவறியதுண்டு. பணி ஓய்வு பெற்ற நாளில் மாணவியர் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் அளித்தனர். வேறு பொருள் எதுவும் விரும்பேன், இஃதொன்றே போதும் எனப் பெருமையுடன் சொல்லி வந்தேன். ஒருநாள் பேரன் எறிந்த பந்து பட்டு அதன் கண்ணாடி உடைந்தது. அன்று நான் அவனைக் கடிந்த கடுஞ்சொற்களை இப்போது எண்ணினும் நாணுகிறேன். மூன்று நாள் அக்குழந்தை என் அறைப்பக்கம் வரவில்லை. பொருள் ஒன்றுதான், ஆயினும் மயக்கம் முழுமையாக இருந்தது. எளிமையைப் பற்றிய செருக்கும் உடன் இருந்தது.

முஹிக்காவின் செயலில் நான் காண்பது வேறு. காருக்குப் பெருவிலை வந்தபோது தமக்கென அதனை விரும்பவில்லை, கொடுக்க எண்ணினார். வைத்துக்கொண்டபோதும் பிறர் உள்ளத்தை முன்னிட்டே வைத்துக்கொண்டார். பொருள் அவரிடம் இருந்தது. அவர் பொருளிடம் சிக்கியிருக்கவில்லை.

மற்றொன்றும் உண்டு. புதிய பொருள் ஒவ்வொன்றும் மண்ணை அகழ்ந்தும், நெருப்பை மூட்டியும், நீரை வற்றச் செய்தும் உருவாகிறது. அவற்றைச் சார்ந்த உயிர்கள் எண்ணில. ஒரு பொருளைப் பேணி நெடுநாள் பயன்படுத்துவோர் அந்த ஆரம்ப இம்சையைக் குறைக்கின்றனர். அதற்காகப் புகை கக்கும் வண்டியைப் பழுது நீக்காமல் ஓட்டுதல் தகாது. அதுவும் இம்சையே. பேண இயலாதபோது விட்டுவிடுதலே அறம்.

ஆகவே வரும் தசலட்சண பருவத்தில், உத்தம ஆகிஞ்சன்ய நாளன்று, குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமருங்கள். ஊர்தி, ஆடை, அணி, பாத்திரம் என ஒவ்வொன்றிற்கும் ஓர் அளவு வரைந்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் குறித்து, "இது நாளை உடைந்தால் என் வாயிலிருந்து என்ன சொல் வரும்?" என்று உங்களையே கேளுங்கள். என் கடிகாரம் இப்போது பேரன் அறையில் இருக்கிறது. கண்ணாடி மாற்றவில்லை, மணி சரியாகவே காட்டுகிறது.

வாழ்க ஜினதர்மம்! வளர்க நல்லறம்!