பள்ளிக்கூடம் புறப்படும் வேளை



ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டால் நம் வீடுகளின் காலைச் சத்தமே மாறிப்போகிறது. ஏழு மணிக்குத் தெருவில் நடந்துபோகிறவன் காதில் எல்லாம் விழும். ஒரு வீட்டில், "எத்தனை தரம்தான் எழுப்புவது?" அடுத்த வீட்டில், "இன்னுமா பல் தேய்க்கிறாய்?" மூன்றாம் வீட்டில், "வேன் வந்துவிட்டது, கணக்கு நோட்டு எங்கே?" ஒரு கால் ஷூ கட்டிலுக்கடியில் கிடக்கும். பாதி தின்ற இட்லி தட்டில் ஆறிப்போகும். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே படி இறங்கும். வேன் தெருமுனை திரும்பிய பிறகு, வாசலில் நிற்கும் தாயும் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இது பாவமா, இல்லையா என்று தராசு பிடிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து அடுப்படியில் நிற்கும் தாய்மாரின்மேல் இன்னொரு பாரத்தைச் சுமத்தவும் எனக்கு மனமில்லை. ஒரே ஒரு காரியத்தை உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். நம் பிள்ளை வாசற்படியைத் தாண்டும்போது முதுகில் புத்தகப் பையைச் சுமந்து போகிறது. அது நமக்குத் தெரியும். இருதயத்தில் எதைச் சுமந்து போகிறது?

அர்ச். அருளப்பர் எழுதின சுவிசேஷத்தின் 21-ம் அதிகாரத்தை இன்று வீட்டில் வாசித்துப் பாருங்கள். அதுவும் ஒரு காலைப் பொழுதுதான். சீஷர்கள் இராமுழுவதும் வலை வீசி, ஒன்றும் அகப்படாமல் களைத்துப்போயிருந்தார்கள். விடியற்காலையில் உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்கிறார். அவர்கள் கரையேறும்போது கரிநெருப்பு மூட்டியிருக்கிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இராயப்பரும் இருந்தார். சில நாட்களுக்கு முன் பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், அதே போன்ற கரிநெருப்பின் அருகே நின்று, ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவர் அவர். கண்டிக்க வேண்டிய குற்றந்தான். ஆயினும் ஆண்டவர் எதை முந்திச் செய்தார்? சாப்பிட அழைத்தார், தம் கையாலேயே அப்பத்தையும் மீனையும் எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் உண்டு முடிந்த பிறகே இராயப்பரிடம் பேச்செடுத்தார். அப்போதும் பழைய குற்றத்தை எடுத்து வீசாமல், தம்மை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டு, தம் ஆடுகளை அவர் கையில் ஒப்படைத்தார்.

தாய்மார்களே, இதில் உங்களுக்கு ஒரு பெரிய பாடம் உண்டு. முதலில் பசியாற்றுங்கள், புத்தி பிறகு சொல்லலாம். நேற்றைய பரீட்சையில் வாங்கிய குறைந்த மதிப்பெண், தொலைத்த பென்சில் பெட்டி, தம்பியை அடித்த வழக்கு, இவற்றில் எதற்கும் காலைச் சாப்பாட்டு நேரத்தில் விசாரணை வேண்டாம். சாயங்காலம் அதே வழக்கு அங்கேயே இருக்கும். உங்கள் கோபம் மட்டும் பாதியாகியிருக்கும். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது நாடறிந்த உண்மை. அதனால்தான் 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பரிமாறப்பட்டன. பிள்ளையின் வயிற்றை அரசாங்கமும் நிரப்பக்கூடும். புறப்படும்போது அதன் நெற்றியில் சிலுவை வரைகிற கையை எந்த அரசாங்கமும் அனுப்ப முடியாது.

"சுவாமி, கத்தாவிட்டால் எந்தப் பிள்ளை எழுந்திருக்கும்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் நான்கு தரம் சாதாரணமாகவும் ஐந்தாம் தரம் உரக்கவும் கூப்பிடுகிற வழக்கத்தைப் பிள்ளை சீக்கிரம் படித்துக்கொள்ளும். ஐந்தாம் சத்தம் வரும்வரை நேரமிருக்கிறது என்று கணக்குப் போட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். அப்புறம் ஐந்தும் போதாமல் ஏழாகும்.

எலியாஸ் தீர்க்கதரிசியைச் சம்மனசு எழுப்பின விதத்தைப் பாருங்கள். மனமுடைந்த எலியாஸ் வனாந்தரத்தில் ஒரு செடியின் நிழலில் படுத்து, சாக வேண்டும் என்று சொல்லித் தூங்கிவிட்டார். சம்மனசு வந்து அவரைத் தொட்டு எழுப்பிற்று. தலைமாட்டில் சுட்ட அப்பமும் குடத்தில் தண்ணீரும் இருந்தன. அவர் சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டு என்ன செய்தார்? மறுபடியும் படுத்துக்கொண்டார்! சம்மனசு சலித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தரமும் வந்து தொட்டு எழுப்பி, போகவேண்டிய வழி தூரமானது என்று காரணமும் சொல்லிற்று. அந்தப் போஜனத்தின் பலத்தால் அவர் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்தார். அங்கே சர்வேசுரன் பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் தோன்றாமல், மெல்லிய காற்றின் சத்தத்தில் அவரோடு பேசினார். அறையின் வாசலில் நின்று பத்துத் தரம் கத்துவதைவிட, அருகே போய்த் தோளைத் தொட்டு ஒரு தரம் பெயர் சொல்லி அழைப்பது நல்லது. அதற்கு நான்கு எட்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்றால், காலையின் அமைதி காலையில் உண்டாவதில்லை, முந்தின இரவே உண்டாகிறது என்பேன். அர்ச். தொன் போஸ்கோவின் தாயாகிய மார்கரீத்தம்மாள் எழுத்து வாசனை அறியாதவள். 1817-ல் கணவன் இறந்தபோது அவளுக்கு வயது 29. தான் பெற்ற இரண்டு ஆண் பிள்ளைகளையும், மூத்தாள் மகனையும், மாமியாரையும் வைத்துக்கொண்டு நிலத்தில் பாடுபட்டுப் பிழைத்தாள். காலையிலும் இரவிலும் பிள்ளைகளோடு முழங்காலில் இருந்து செபம் சொல்ல அவள் தவறவில்லை. 1846-ல் தன் மகன் ஏழைச் சிறுவரைச் சேர்த்துப் பராமரித்த தூரின் நகருக்கு வந்து, 1856-ல் சாகும்வரை அந்தப் பிள்ளைகளுக்கும் தாயாக இருந்தாள். இரவு செபம் முடிந்ததும் அவள் சொன்ன சில நல்ல வார்த்தைகளே, சலேசிய சபையின் வீடுகளில் இன்றும் நடக்கும் இரவுப் புத்திமதிக்குத் தொடக்கம் என்று அச்சபையார் சொல்வார்கள். 1906-ல் தஞ்சாவூருக்கு வந்த அந்தச் சபையார் நம் நாட்டுக்கும் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை கேட்டுவிட்டுத் தூங்குகிற கடைசி வார்த்தை அன்பானதாக இருந்தால், விடியும்போது பாதிச் சண்டை தீர்ந்திருக்கும்.

ஆகையால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். பையை அடுக்குவதும், சீருடையை எடுத்து மாட்டுவதும், ஷூவைக் கதவருகே வைப்பதும் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். டைரியில் கையெழுத்து அப்போதே போடுங்கள். பிறகு செல்போனை அணைத்து வைத்துவிட்டுப் படுக்கைக்குப் போகட்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய சிறு பிள்ளை இரவு ஒன்பது மணிக்காவது தூங்கியிருக்க வேண்டும் அல்லவா? பதினொரு மணி வரை விழித்திருக்கவிட்டு, ஆறு மணிக்குச் சோம்பேறி என்று பட்டம் கட்டுவது நீதியாகாது.

இனித் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. அர்ச். சூசையப்பர் பேசிய ஒரு சொல்கூடச் சுவிசேஷத்தில் எழுதப்படவில்லை. சம்மனசு எச்சரித்த இரவில் அவர் எழுந்தார். பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். குடும்பத் தலைவர் செய்யவேண்டியதைச் சத்தமில்லாமல் செய்தார். உங்களில் சிலர் வீட்டில் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்க, செய்தித்தாளையோ செல்போனையோ முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அங்கே என்ன சத்தம்?" என்று கேட்பதோடு சரி. மகளுக்குத் தலை வாரிவிடுவதாலும், தண்ணீர்ப் புட்டியை நிரப்புவதாலும் யாருடைய மரியாதையும் குறைந்துபோகாது. புருஷன் வெளிநாட்டில் இருக்க, அல்லது புருஷனை இழந்து, தனியே பாடுபடும் தாய்மாரும் நம் பங்கில் உண்டு. பாட்டிமாரும் அக்கம்பக்கத்தாரும் அவர்களுடைய பிள்ளையையும் சேர்த்து வேனில் ஏற்றிவிட்டால் அது பெரிய தர்மம்.

காலை செபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவசரத்தில், "செபம் சொன்னாயா, இல்லையா?" என்று அதட்டிச் சொல்லவைக்கிற செபம், சர்வேசுரனையும் பிரம்போடு நிற்கிற வாத்தியாராகப் பிள்ளைக்குக் காட்டிவிடும். அந்தப் பயம் வளர்ந்தால், பெரியவனான பின் அவன் கோவிலைவிட்டு விலகிப் போகவும் கூடும். நேரம் குறைவாயிருந்தால் ஒரு சிலுவை அடையாளமும் ஓர் அருள் நிறை மந்திரமும் போதும். ஆனால் தாயும் பிள்ளையும் சேர்ந்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே. மன்னா பொறுக்கின இஸ்ராயேலர், ஓய்வு நாளுக்கு வேண்டியதை ஆறாம் நாளிலேயே சேர்த்துச் சமைத்து வைத்தார்கள். நீங்களும் பூசைக்குரிய உடுப்பைச் சனிக்கிழமை இரவே எடுத்து வையுங்கள். முன்னாட்களில் நடுச்சாமம் முதல் வெறும் வயிற்றோடிருந்து நன்மை வாங்கினார்கள். 1957-ல் மூன்று மணி நேரமாகவும், 1964-ல் ஒரு மணி நேரமாகவும் திருச்சபை அதைக் குறைத்தது. ஆகவே ஏழரை மணிப் பூசைக்கு வரும் பிள்ளைக்கு ஆறு மணிக்குப் பாலும் பலகாரமும் கொடுக்கத் தடையில்லை.

இவ்வளவும் செய்தாலும் சில காலைகள் கெட்டுப்போகும். குழாயில் தண்ணீர் வராது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும். உங்களையும் மீறிக் கடுஞ்சொல் வந்துவிடும். அப்போதும் ஒன்று மீதியிருக்கிறது. பிள்ளை படி இறங்குமுன் அதன் நெற்றியில் சிலுவை வரைந்து, "சமாதானமாய்ப் போய் வா" என்று அனுப்புங்கள். வேன் போய்விட்டால் நடந்தாவது போகலாம். கசப்போடு போன பிள்ளையின் மனதை மத்தியானம் வரை யார் போய்த் தேற்றுவது?

இந்த வாரத்துக்கு மூன்று பிரதிக்கினைகள் எடுப்போம். முதலாவது, இரவே எல்லாவற்றையும் ஆயத்தம் செய்தல். இரண்டாவது, தொட்டு எழுப்பி, பசியாற்றும்வரை யாரையும் கண்டியாதிருத்தல். மூன்றாவது, சிலுவை அடையாளமில்லாமல் எந்தப் பிள்ளையையும் வாசல் தாண்டவிடாதிருத்தல். திங்கள் முதல் சனி வரை செய்து பாருங்கள். நசரேத்தூரில் தம் திருமகனைத் தினமும் எழுப்பி உணவளித்த தேவமாதா, நம் வீட்டுத் தாய்மாருக்குப் பொறுமையையும், பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலையும், எல்லாருக்கும் சமாதானத்தையும் தம் குமாரனிடம் மன்றாடித் தருவாராக. ஆமென்.