அறியாதவர் தரும் சான்று

பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில் சங்கடமான கேள்வி ஒன்று வருகிறது. ஒன்றை அறியாதவன் அதை எப்படித் தேடுவான்? அது எதிரே வந்து நின்றாலும், தேடியது இதுதான் என்று எப்படிக் கண்டுகொள்வான்? பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் இதே கேள்வி எழுகிறது. பாடத்தை முதன்முறையாகக் கேட்ட மாணவரிடம் படிவத்தைக் கொடுத்து, ஆசிரியர் நன்றாகக் கற்பித்தாரா என்று கேட்கிறோம். துறைப் பாடமென்றால், அடுத்த ஆண்டின் பாடமே முந்தைய ஆண்டின் அடித்தளத்தைச் சோதித்துவிடும். எல்லாத் துறையினரும் கட்டாயமாகப் படிக்கும் பொதுக்கல்விப் பாடத்துக்கு அந்தச் சோதனை இல்லை. பொறியியல் மாணவி ஒரே ஒரு பருவம் மெய்யியல் படிக்கிறாள். பிறகு அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவளுடைய மனநிறைவை மட்டும் வைத்து அங்கே சிறந்த ஆசிரியரைத் தீர்மானிப்பது தவறு என்றே உறுதியாக நினைக்கிறேன்.

இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள விமானப்படை அகாதமியில் மாணவர்கள் தமக்குப் பிடித்த ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது. யார் எந்த வகுப்பில் என்பதைக் குலுக்கல்போல நிர்வாகமே முடிவு செய்கிறது. தேர்வும் எல்லாருக்கும் ஒன்றே. அங்கு கிடைத்த தரவுகளைக் கொண்டு ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு கலங்க வைப்பது. நுண்கணிதத்தின் முதல் பாடத்தில் மாணவர்களின் மதிப்பெண்ணை உயர்த்திய ஆசிரியர்களை மாணவர்களும் உயர்வாக மதிப்பிட்டார்கள். ஆனால், அவர்களிடம் படித்தவர்கள் தொடர்ந்து வந்த மேல்நிலைப் பாடங்களில் பின்தங்கினார்கள். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. தாமே கணக்கோடு மல்லுக்கட்டிய மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆயினும், சரளமான விரிவுரையைக் கேட்டவர்களைவிடத் தாங்கள் குறைவாகவே கற்றதாக எண்ணினார்கள். கற்கும்போது வரும் திணறல், கற்கவில்லை என்ற உணர்வாக மாறிவிடுகிறது. மனிதன் எப்படி வாழ வேண்டும் என்று கேட்கும் பாடத்தில் அந்தத் திணறல் இன்னும் கூடுதலாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

வகுப்பில் உட்கார்ந்தவர்களின் சொல்லை ஒதுக்குவது ஆணவம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆசிரியர் நேரத்துக்கு வந்தாரா, கேள்வி கேட்டவரை அவமதித்தாரா, கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தாரா என்பதற்கெல்லாம் மாணவரைவிட நல்ல சாட்சி இல்லை. 1919இலேயே பொதுக்கல்விப் பாடத்தைத் தொடங்கிய கொலம்பியாக் கல்லூரியில், மார்க் வான் டோரன் பெயரிலான கற்பித்தல் விருதுக்கு உரியவரை மாணவர் குழுவே தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அவர்கள் படிவத்தின் கூட்டலை நம்புவதில்லை. பரிந்துரைக்கப்பட்டவர்களின் வகுப்புகளுக்கே போய் அமர்ந்து கேட்கிறார்கள். அத்தகைய குழு, மாணவர்களின் முதல் கட்டுரையையும் கடைசிக் கட்டுரையையும் அருகருகே வைத்துப் படித்தால், ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்புகளையும் பார்த்தால், என்ன நடந்தது என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

உண்மையான ஆசான் விருதை நாடமாட்டார் என்பது இன்னொரு மறுப்பு. சாக்ரடீஸ் கட்டணம் வாங்கவில்லை. தாம் எவருக்கும் ஆசிரியரே அல்ல என்றும் சொன்னார். ஆனால் அவர் பல்கலைக்கழகம் எதையும் நடத்தவில்லை. பற்றின்மை ஆசிரியரின் அறம்; அதைக் காரணம் காட்டி அவரைக் கவனியாமல் விடுவது நிறுவனத்தின் அறமாகாது. ஆய்வுக் கட்டுரைக்குப் பதவி உயர்வு, பொதுக்கல்வி வகுப்புக்கு ஒரு சான்றிதழ் மட்டும் என்ற நிலை நீடிக்கும் வரை, மூத்த பேராசிரியர்கள் அந்த வகுப்புகளைத் தவிர்ப்பார்கள். அடுத்த ஆண்டு வேலை உறுதியில்லாத ஒப்பந்த ஆசிரியர்கள் மதிப்பீட்டுப் படிவத்துக்கு அஞ்சியபடியே அவற்றை நடத்துவார்கள்.